சிக்னல் எண்ணுவது வண்டியையா, உங்களையா? ஸ்மார்ட் டிராஃபிக் ஆராய்ச்சி எங்கே போகிறது?

2020 பிப்ரவரியில் ஒரு வீடியோ வைரலானதே, நினைவிருக்கா? பெர்லின் நகரத்துத் தெருவில் ஒருவர் சின்ன சிவப்புத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார். வண்டிக்குள் 99 பழைய ஸ்மார்ட்போன்கள். எல்லாவற்றிலும் கூகுள் மேப்ஸ் ஓடுகிறது. தெரு கிட்டத்தட்ட காலி. ஆனால், மேப்பில் அந்தத் தெரு மெள்ள மெள்ள சிவப்பாகிறது. 'இங்கே செம டிராஃபிக், வேற வழியா போங்க' என்று அர்த்தம்!

இதைச் செய்தவர் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர். கூகுள் தரப்பும் இதை ஜாலியாகவே எடுத்துக்கொண்டது. இந்தியா, இந்தோனேசியா, எகிப்து மாதிரி நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியும், தள்ளுவண்டியைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் கத்துக்கலை என்கிற ரீதியில் பதில் சொன்னார்கள்.

சிரிச்சிட்டுக் கடந்துடலாம்தான். ஆனா, அந்தத் தள்ளுவண்டி ஒரு விஷயத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டது. மேப் சாலையைப் பார்ப்பதில்லை. போன்களைப் பார்த்து, 'இத்தனை வண்டி இருக்கும்போல' என்று ஊகிக்கிறது. அதே மாதிரி சிக்னல் வண்டிகளைப் பார்க்கிறது. கேமரா, தனக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ அதைத்தான் பார்க்கிறது. இவற்றுக்கு நடுவே, கையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நீங்க யார் கணக்கில் வர்றீங்க? ஸ்மார்ட் போக்குவரத்து ஆராய்ச்சி இன்றைக்கு மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

போன், சென்சார் ஆன கதை

ஒரு காலத்தில் ரோட்டில் எவ்வளவு டிராஃபிக் என்று தெரிந்துகொள்ள, சாலையைத் தோண்டி அடியில் கம்பிச்சுருள் பதிப்பார்கள். மேலே வண்டி வந்து நின்றால் கரன்ட்டில் ஏற்படும் மாற்றத்தை வைத்து, 'ஒண்ணு வந்திருக்கு' என்று கணக்குப் போடும். ஊர் முழுக்கப் பதிக்க முடியாது. செலவும் அதிகம், ரோடு போடும்போதெல்லாம் அறுந்தும் போகும்.

2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனை செய்தார்கள். 100 கார்களில் நோக்கியா என்95 போன்களை வைத்து, கலிஃபோர்னியாவின் ஐ-880 நெடுஞ்சாலையில் மாணவர்களை ஓட்டச் சொன்னார்கள். 'மொபைல் செஞ்சுரி' என்று பெயர். முடிவு எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. சாலையில் போகிறவர்களில் 2 முதல் 3 சதவிகிதம் பேரிடம் ஜி.பி.எஸ் உள்ள போன் இருந்தாலே போதும், அந்தச் சாலையில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்பதைச் சரியாகச் சொல்லிவிட முடியும். சாலையைத் தோண்டவே வேண்டாம்.

இன்றைக்கு நீங்க மேப்ஸில் பார்க்கிற நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள். 2017 டிசம்பரில் மேப்ஸில் டூ வீலர்களுக்கான தனி வசதி வந்தது. அது முதலில் வந்தது நம்ம நாட்டில்தான். காருக்குச் சொல்லும் நேரம், சந்துல புகுந்து போகிற பைக்குக்குப் பொருந்தாது இல்லையா?

ஆனால் இந்த வண்ணங்கள் சொல்வது வேகத்தை மட்டும். அந்த வழியில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதும் ஆப்பின் கணக்கில் கிடையாது. நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்று ஒரு சின்ன ஊர், நியூயார்க்குக்குப் போகும் பாலத்துக்குப் பக்கத்தில். 'இந்தத் தெரு வழியா போனா சீக்கிரம் போயிடலாம்' என்று ஆப்கள் காட்டப்போய், குடியிருப்புத் தெருக்களில் கார்கள் வந்து குவிந்தன. வீட்டு வாசலிலிருந்து சொந்தக் காரை வெளியே எடுக்கக்கூட முடியவில்லை. 2018 ஜனவரியில், காலையும் மாலையும் அந்தத் தெருக்களில் வெளியூர் வண்டிகள் நுழையத் தடை போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நல்ல வழி காட்டினால் ஊருக்கே நல்ல வழி கிடைத்துவிடாது என்பதை டிராஃபிக் கணித நிபுணர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் 1968-லேயே, ஒரு புது ரோடு போட்டால்கூட எல்லாருடைய பயண நேரமும் கூடிப்போகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

60 பேர் = 3 கார்?

இப்போது சிக்னலுக்கு வருவோம். 'பச்சை எத்தனை செகண்ட், சிவப்பு எத்தனை செகண்ட்' என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஃப்.வி.வெப்ஸ்டர் 1958-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். உலகம் முழுக்கப் பொறியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சிக்னலில் ஒரு வண்டி காத்திருக்கும் சராசரி நேரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அதன் இலக்கு. மறுபடி வாசிங்க: ஒரு *வண்டி* காத்திருக்கும் நேரம்.

சரி, பஸ்ஸும் பைக்கும் ஒரே மாதிரி வண்டியா? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக மாற்றுவார்கள். 'பாசெஞ்சர் கார் யூனிட்' என்று பெயர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியின்படி கார் ஒன்று, டூ வீலர் 0.5 முதல் 0.75, ஆட்டோ 1.2 முதல் 2, பஸ் 2.2 முதல் 3.7. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதை வைத்து வந்த எண்கள் இவை. ரோட்டின் அகலத்தைத் தீர்மானிக்க இந்தக் கணக்கு சரிதான். பச்சை விளக்கைப் பங்கு போடவும் இதையே எடுக்கும்போதுதான் வில்லங்கம்.

எப்படினு பாருங்க. ஒரு பக்கம் 20 கார்கள் நிற்கின்றன, உள்ளே மொத்தம் 30 பேர். இன்னொரு பக்கம் 3 பஸ்கள், உள்ளே 180 பேர். சிக்னலின் கணக்கில் முதல் பக்கம் 20. பஸ்ஸுக்குத் தாராளமாக 3.7 போட்டால்கூட இரண்டாவது பக்கம் 11. யாருக்கு நீளமான பச்சை கிடைக்கும்னு நான் சொல்லணுமா என்ன? புட்போர்டில் தொங்குகிறவர் எந்த யூனிட்டிலும் இல்லை.

இதற்குப் பிறகு சிக்னல்கள் நிறையவே புத்திசாலி ஆகியிருக்கின்றன. சிட்னியில் உருவான 'ஸ்காட்ஸ்', பிரிட்டனில் உருவான 'ஸ்கூட்' இரண்டும் 1970-களிலேயே தொடங்கியவை. வரும் வண்டிகளைப் பார்த்துத் தாங்களாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். நம்ம ஊர் மாதிரி லேன் பார்க்காமல் எல்லாரும் கலந்து போகும் சாலைகளுக்கென்று திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கியது 'கோசிகாஸ்ட்'. பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஸ்மித் குழு 2012-ல் 9 சந்திப்புகளில் 'சர்ட்ராக்' என்ற முறையைச் சோதித்தது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல், ஒவ்வொரு சிக்னலும் தானே திட்டம் போட்டு, 'இவ்வளவு வண்டியை உன் பக்கம் அனுப்புறேன்' என்று பக்கத்து சிக்னலுக்குத் தகவல் சொல்லும். பயண நேரம் 25 சதவிகிதமும், நின்று காத்திருக்கும் நேரம் 40 சதவிகிதமும் குறைந்தன. கூகுளின் 'கிரீன் லைட்' திட்டமோ புதிதாக எந்தக் கருவியும் வைப்பதில்லை. மேப்ஸில் சேரும் தகவலை வைத்தே 'இந்த சிக்னலில் இத்தனை செகண்ட் மாத்துங்க' என்று போக்குவரத்து போலீஸுக்கு யோசனை சொல்கிறது. கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத்தில் நடக்கிறது. வண்டிகள் நின்று கிளம்புவது 30 சதவிகிதம் வரை குறைய வாய்ப்பிருக்கு என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எவ்வளவு ஏ.ஐ போட்டாலும், 'எதைக் குறைக்கணும்' என்று நாம் சொன்னதைத்தான் அது குறைக்கும். வண்டியின் காத்திருப்பைக் குறை என்றால் அதை. மனிதரின் காத்திருப்பைக் குறை என்றால் இதை. சமீபத்திய ஆராய்ச்சிகள் இரண்டாவது பக்கம் நகர்வது நல்ல சேதி.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக் கட்டுரை தேட வேண்டியதில்லை, சூரிச் நகரமே போதும். 1973-ல் பாதாள ரயில் திட்டத்தை அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். 1977-ல் மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை, தரையில் ஓடும் டிராமையும் பஸ்ஸையும் வேகப்படுத்த 20 கோடி ஃபிராங்க் செலவழிக்கலாம் என்று சம்மதித்தார்கள். டிராம் சிக்னலை நெருங்கும்போதே தகவல் போய்விடும். அது வரும் நேரத்துக்குப் பச்சை தயாராக இருக்கும். டிராமில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு சிக்னல் இருப்பதே மறந்துபோகும். ஏ.ஐ-யும் இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லாத காலத்தில் செய்த வேலை இது.

'பஸ் 4 நிமிஷத்தில் வரும்'

இதை நம்பி ஏமாறாதவர்கள் கை தூக்குங்க! ஆப்பில் 4 நிமிஷம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தாலும் அதே 4 நிமிஷம். ஏன் இப்படி?

ரயில் தண்டவாளத்தில் போகிறது, வழியில் மாடு வந்தாலொழியப் பிரச்னை இல்லை. பஸ்ஸுக்கு அப்படியா? அடுத்த ஸ்டாப்பில் 3 பேர் ஏறுவார்களா, 30 பேரா என்பது டிரைவருக்கே தெரியாது. ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. சென்னை பஸ்களில் ஜி.பி.எஸ் வைத்து, பாதையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, சற்று முன்னால் போன பஸ்கள் ஒவ்வொரு துண்டையும் கடக்க எவ்வளவு நேரம் எடுத்தன என்பதை வைத்து, அடுத்த பஸ்ஸின் நேரத்தைக் கணித்தார்கள். பயன்படுத்தியது 'கால்மன் ஃபில்டர்' என்ற கணித முறை. ராக்கெட்டின் பாதையைக் கணிக்க உதவும் அதே முறை, நம்ம பஸ்ஸுக்கு! ஒவ்வொரு புதுத் தகவல் வரும்போதும் பழைய ஊகத்தைத் திருத்திக்கொண்டே போவதுதான் அதன் வேலை. ஆனால் முன்னால் பஸ்ஸே போகவில்லை என்றால்? எதை வைத்துத் திருத்துவது? பஸ் குறைவாக ஓடும் பாதையில் கணிப்பு சொதப்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். அரை மணி நேரம் பஸ்ஸே வராது. வந்தால் ஒரே நம்பரில் மூன்று பஸ் வரிசையாக வரும். 'டிரைவருங்க டீக்கடையில பேசிட்டு ஒண்ணா கிளம்புறாங்கப்பா' என்று திட்டுவோம். பாவம் அவர்கள்! நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதற்குக் காரணம் சொல்லிவிட்டார்கள். முதல் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் 2 நிமிஷம் லேட்டாகிறது. அதனால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கொஞ்சம் கூடிவிடுகிறது. ஏற்றிக்கொள்ள இன்னும் நேரமாகிறது, மேலும் லேட். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆளே இல்லை, அது சர்ரென்று வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. யார் மீதும் தப்பு இல்லாமலே மூன்றும் ஒன்றாகிவிடும்.

தீர்வு என்ன? அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் வளாகப் பஸ்களில் பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் இருவரும் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். 2012-ல் ஆய்வு வெளியானது. டைம்டேபிளையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்! ஒரு குறிப்பிட்ட ஸ்டாப்புக்கு பஸ் வந்ததும், தனக்குப் பின்னால் வரும் பஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று முடிவாகும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பஸ்கள் தாங்களாகவே சம இடைவெளிக்கு வந்துவிட்டன. '8.10 பஸ்' என்று ஒன்று கிடையாது. எப்போது போனாலும் சில நிமிஷத்தில் ஒரு பஸ். 10 நிமிஷத்துக்கு ஒன்று ஓடும் நகரப் பாதைகளுக்கு இது சரிப்படும். ஒரு நாளைக்கு நாலு டிரிப் வரும் கிராமத்து பஸ்ஸில் இதைச் செய்தால் ஊரே திரண்டு வந்துவிடும்.

பஸ் எங்கே வருகிறது என்று தெரிவதாலேயே ஒரு லாபம் உண்டு. சியாட்டிலில் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ஒன்பஸ்அவே' ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களை 2011-ல் ஆராய்ந்தார்கள். ஆப் வைத்திருப்பவர்களுக்குக் காத்திருந்த நேரம் பெரிதாகத் தோன்றவில்லை. அதோடு, நிஜமாகவே அவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 2 நிமிஷம் குறைவாகத்தான் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். பஸ் கிட்ட வந்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள், அதான் ரகசியம். இரவு 9 மணிக்கு வெளிச்சமில்லாத ஸ்டாப்பில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்த 2 நிமிஷம் எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்க.

இதெல்லாம் உங்க மேப்பில் தெரிய, போக்குவரத்துக் கழகம் தன் பஸ் விவரங்களைப் பொதுவில் தர வேண்டும். அதற்கான வடிவம் 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. பார்த்தால் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள்தான். எந்த ஸ்டாப், எந்த ரூட், எத்தனை மணி, அவ்வளவே. டெல்லி 2018-ல் ஐ.ஐ.ஐ.டி டெல்லியோடு சேர்ந்து தன் பஸ்களின் நேரலைத் தகவலையே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டது. சென்னையில் 2022-ல் 'சென்னை பஸ்' ஆப் வந்தது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர் டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' வந்தது.

எல்லாப் பயணமும் ஒரே ஆப்பில் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடத்துவது சுலபமில்லை. ஹெல்சின்கியில் 2016-ல் 'விம்' என்று ஒரு ஆப் வந்தது. பஸ், டாக்ஸி, வாடகை கார், சைக்கிள் எல்லாம் மாதச் சந்தாவில். உலகம் முழுக்க மாநாடுகளில் அதைத்தான் உதாரணம் காட்டினார்கள். 2024-ல் அந்த நிறுவனம் திவாலானது. சென்னை ஒன் திட்டத்தின் பின்னால் சி.யு.எம்.டி.ஏ என்ற அரசு அமைப்பே இருப்பது இங்கே ஒரு பெரிய வித்தியாசம்.

கேமராவுக்கு ஆட்டோ தெரியுமா?

தானியங்கி கார்களுக்குக் கற்றுக்கொடுக்க 2016-ல் 'சிட்டிஸ்கேப்ஸ்' என்ற படத் தொகுப்பு வந்தது. 50 நகரங்கள், பெரும்பாலும் ஜெர்மனி. அங்கே ஆட்டோ ஏது? ரோட்டோரம் மண் பாதை ஏது? நடுவே படுத்திருக்கும் மாடு ஏது? ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி 2018-ல் இன்டெலோடு சேர்ந்து ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்களைத் தொகுத்தது. ஆட்டோவுக்கும் விலங்குகளுக்கும் அதில் தனித்தனிப் பெயர் உண்டு. ஆட்டோவைத் தெரியாத கேமரா, ஆட்டோவை எண்ணாது.

2021-ல் நாக்பூரில் தொடங்கிய 'ஐராஸ்ட்' திட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாநகரப் பஸ்களின் முகப்பில் கேமரா. யாராவது குறுக்கே வந்தால் டிரைவரை எச்சரிக்கும். அதோடு, எந்த இடத்தில் அடிக்கடி அந்த எச்சரிக்கை ஒலிக்கிறது என்பதும் பதிவாகும். விபத்து நடந்த இடத்தை 'பிளாக் ஸ்பாட்' என்பார்களே, அப்படி ஆகிவிடக்கூடிய இடங்களை இவர்கள் 'கிரே ஸ்பாட்' என்று முன்கூட்டியே குறிக்கிறார்கள். யாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

இது ஏன் அவசரம் என்றால், 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவிகிதம் பேர் டூ வீலரில் போனவர்கள், 19.5 சதவிகிதம் பேர் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வருகிறது.

நடப்பவர்களையும் கணக்கில் எடுக்கும் சிக்னல்கள் வர ஆரம்பித்துவிட்டன. சிங்கப்பூரில் 2009-லிருந்து, முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை 3 முதல் 13 செகண்ட் வரை கூடுதலாக எரியும். லண்டனில் 18 இடங்களில் விதியையே தலைகீழாக்கிப் பார்த்தார்கள். நடப்பவர்களுக்கு எப்போதும் பச்சை, வண்டி வருவது தெரிந்தால் மட்டும் அது மாறும். பிட்ஸ்பர்க்கில் வண்டிகளுக்காக சர்ட்ராக் செய்த அதே ஸ்டீபன் ஸ்மித் குழு, பிறகு 'பெட்பால்' என்று ஒரு ஆப் உருவாக்கியது. சக்கர நாற்காலியில் வருபவரோ, பார்வையற்றவரோ கடக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அவர் போனே சிக்னலிடம் சொல்லிவிடும்.

அதுவரை நம்ம சிக்னலில் நீங்களே ஒரு சின்ன ஆராய்ச்சி செய்யலாம். நடப்பவர்களுக்கான பச்சையைக் கணக்கிட, விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று பல நாடுகளில் வைத்துக்கொள்வது வழக்கம். அமெரிக்கா 2009-ல் அதைச் சுமார் 1.07 ஆகக் குறைத்தது. இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை அளந்து 2012-ல் வெளியான ஆய்வில் ஆண்களின் சராசரி 0.9, பெண்களுடையது 0.8. ரோட்டின் அகலம் 24 மீட்டர் என்றால், கணக்குப்படி 20 செகண்ட் போதும். பாட்டிக்கு 30 செகண்ட் வேண்டும். அடுத்த முறை பாட்டியை வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போகும்போது, பச்சை விழுந்ததும் ஒரு கையில் போனின் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, இன்னொரு கையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடங்க. பச்சை அணையும்போது நீங்க ரோட்டில் எந்த இடத்தில் இருக்கீங்கனு பாருங்க.